கசாக்கின் இதிகாசம் (நாடகம்)

கசாக்கின் இதிகாசம் என்பது மலையாள எழுத்தாளர் ஓ. வி. விஜயன் 1969ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட அதே பெயருடைய புதினத்தைத் தழுவி மேடையேற்றப்பட்ட மலையாள நாடகம் ஆகும். கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்திலுள்ள திரிக்கரிப்பூரைச் சேர்ந்த கே. எம். கே. ஸ்மாரக கலாசமிதி என்னும் பயில்முறை நாடகக் குழு இதனை 2015ஆம் ஆண்டில் முதன்முதலாக அரங்கேற்றியது. நாடக வடிவத்தை எழுதி, அரங்க வடிவமைப்பையும் இயக்கத்தையும் மேற்கொண்டவர் தீபன் சிவராமன். இசையமைத்தவர் சந்திரன் வேயாட்டுமல். ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் நீளும் இந்நாடகம் திறந்தவெளியில், மண் தரையில் நிகழ்த்தப்படுவது.

மலையாளப் புனைகதையின் போக்கையே மாற்றியதாகக் கருதப்படும் ஒரு நூலை, நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாத ஒரு கிராமத்து மக்கள் கையிலெடுத்தனர் என்பதே இந்நாடகத்தின் தனிச்சிறப்பாகும். அண்மைக்கால மலையாள அரங்கில் மிகுதியாகப் பேசப்பட்ட படைப்புகளுள் இதுவும் ஒன்று.

மூல நூல்

ஓ. வி. விஜயன் (1930–2005) பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவர். புதின எழுத்தாளராக மட்டுமன்றி, அரசியல் கேலிச்சித்திரக்காரராகவும் இந்திய அளவில் அறியப்பட்டவர். சங்கர்ஸ் வீக்லி, பேட்ரியாட், தி இந்து முதலிய இதழ்களில் வரைந்துள்ளார். 1950களில் அவருடைய சகோதரி பாலக்காட்டுக்கு அருகிலுள்ள தஸ்ராக் என்னும் சிற்றூரில் ஓராசிரியர் பள்ளியில் பணியாற்றினார். அங்கு அவருடன் தங்கியிருந்த நாள்களே புதினத்துக்கு விதையாயின. தொடக்கத்தில் இடதுசாரிச் சிந்தனையுடன் ஒரு புரட்சிக் கதை எழுதவே விஜயன் எண்ணியிருந்தார். 1956இல் ஹங்கேரியில் நிகழ்ந்த எழுச்சியும் அது ஒடுக்கப்பட்ட முறையும் அவருடைய நம்பிக்கையைக் குலைத்தன. கதை வேறு திசையில் திரும்பியது. பன்னிரண்டு ஆண்டுகள் திருத்தித் திருத்தி எழுதப்பட்ட இப்புதினம் 1968இல் மாத்ருபூமி வார இதழில் தொடராக வெளிவந்து, அடுத்த ஆண்டு நூலாயிற்று. இதனை எழுதிய வரலாற்றை இதிகாசத்தின் இதிகாசம் என்ற பெயரில் விஜயனே பின்னாளில் தனி நூலாக எழுதியுள்ளார்.

விஜயன் 1994இல் இப்புதினத்தைத் தாமே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அந்த வடிவம் மூலத்திலிருந்து பல இடங்களில் விலகிச் செல்வதால், அதனைத் தனியொரு புதினமாகவே கொள்ளவேண்டும் என்று கருதும் திறனாய்வாளர்களும் உள்ளனர். ஆசிரியரே தம் நூலை மாற்றிச் சொல்லியிருக்கும்போது, நாடகம் அதனை மாற்றியது குற்றமாகாது என்னும் வாதத்துக்கு இது இடமளிக்கிறது.

கதைச் சுருக்கம்

இரவி என்னும் படித்த இளைஞன், தன் சிற்றன்னையுடன் ஏற்பட்ட தகாத உறவினால் விளைந்த குற்றவுணர்விலிருந்து தப்பும் பொருட்டு, உயர்கல்வியையும் காதலியையும் துறந்து கசாக் என்ற சிற்றூருக்கு ஓராசிரியர் பள்ளி நடத்த வருகிறான். கூமன்காவு என்னுமிடத்தில் பேருந்திலிருந்து இறங்குவதுடன் கதை தொடங்குகிறது. ஊரின் ஞாற்றுப்புரை, அதாவது நாற்றங்கால் காவலுக்குரிய கொட்டகை, பள்ளிக்கூடமாகிறது.

கசாக்கில் இராவுத்தர்களும் ஈழவரும் கலந்து வாழ்கின்றனர். ஆயிரத்தொரு குதிரைகளுடன் வந்த செய்யது மியான் ஷேக்கு என்ற ஞானியின் படையினரே தம் முன்னோர் என்பது இராவுத்தர்களின் நம்பிக்கை. ஆயிரம் வெள்ளைக் குதிரைகள் இருந்தும் ஷேக்கு ஏறிவந்தது நோயுற்ற முதிய குதிரையின்மீது. அது நடக்கமாட்டாமல் வீழ்ந்த இடத்தில் படை முழுவதும் நின்றது. அவ்விடமே கசாக் ஆயிற்று. ஷேக்கு உறையும் செதலிமலையை இரு சமயத்தாரும் வணங்குகின்றனர். 'இராவுத்தர்' என்ற சொல்லே குதிரைவீரன் என்று பொருள்படுவது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இம்மக்கள் பாலக்காட்டுப் பகுதியில் நெடுங்காலமாக வாழ்கின்றனர். புதினத்தின் மொழியில் தமிழ்ச் சாயல் விரவிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊரின் மதரசாவை நடத்தும் அள்ளாப்பிச்சா மொல்லாக்கா புதிய பள்ளியை எதிர்க்கிறார். அவர் எடுத்து வளர்த்த நைஜாமலி பீடித் தொழிலாளியாகிச் சிறைக்கும் சென்று, பின்னர் ஷேக்கின் தூதனாகத் தன்னை அறிவித்துக்கொள்கிறான். அவன் விரும்பிய மைமூனா, முங்ஙாங்கோழி என்று அழைக்கப்படும் முதியவரான சுக்ரு இராவுத்தருக்கு மணமுடிக்கப்படுகிறாள். முங்ஙாங்கோழி என்பது முக்குளிப்பான் பறவையின் மலையாளப் பெயர். கிணறுகளில் மூழ்கி, விழுந்த பொருள்களை எடுத்துத் தருவது அவருடைய தொழில்; இறுதியில் கிணறே அவரை விழுங்குகிறது. தும்பி பிடித்துத் திரியும் மனவளர்ச்சி குன்றிய அப்புக்கிளி, தையற்காரர் மாதவன் நாயர், பூசாரி குட்டாடன், ஊர்வம்பு பேசும் குப்புவச்சன் எனப் பலர் வந்து போகின்றனர். அம்மை நோய் ஊரைச் சூறையாடுகிறது. தம் எதிர்ப்பில் தோற்ற மொல்லாக்கா, வறுமையின் காரணமாக அதே பள்ளியில் ஏவல் பணியை ஏற்று, காலில் உண்டான ஆறாப் புண்ணால் இறக்கிறார். இரவி ஊரைவிட்டுப் புறப்படுகிறான். பெருமழையில் கூமன்காவில் பேருந்துக்குக் காத்திருக்கும் அவனைப் பாம்பு தீண்டுவதுடன் புதினம் முடிவடைகிறது.

நாடகக் குழு

கேரளத்தில் ஊர்தோறும் வாசகசாலைகளும் கலாசமிதிகளும் இருப்பது வழக்கம். இவை பெரும்பாலும் மறைந்த ஒருவரின் நினைவாகப் பெயரிடப்பட்டவை. மாலையில் செய்தித்தாள் படிப்பதும், ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுவதும் இவற்றின் பணிகள். இந்நாடகங்களுக்கு நீண்ட அரசியல் வரலாறும் உண்டு. கே. தாமோதரன் 1937இல் பொன்னானிப் பகுதி உழவர் மாநாட்டுக்காக எழுதிய பாட்டபாக்கி (குத்தகை நிலுவை), உழவர்களையே பார்வையாளர்களாகக் கொண்டு ஊர் ஊராக நடிக்கப்பட்டது. இடசேரி கோவிந்தன் நாயரின் கூட்டுகிருஷியும் இவ்வாறே பயில்முறை அரங்கில் பெரும் வரவேற்பைப் பெற்றது. 1950இல் தோன்றிய கேரள மக்கள் கலை மன்றம் (கே. பி. ஏ. சி.) போன்ற குழுக்கள் பின்னர் தொழில்முறைக் குழுக்களாக வளர்ந்தன. கோயில் திருவிழாக்களை நம்பிச் சுற்றும் தொழில்முறை நாடகம் ஒருபுறமும், 1977இல் திருச்சூரில் தொடங்கப்பட்ட நாடகப் பள்ளியை ஒட்டி எழுந்த சோதனை அரங்கம் மறுபுறமுமாக மலையாள நாடகம் பிரிந்து நின்றபோது, கலாசமிதி நாடகங்கள் இரண்டுக்கும் இடையில் ஓரளவு கவனிப்பாரற்றுக் கிடந்தன எனலாம்.

திரிக்கரிப்பூர்க் குழு அத்தகைய கலாசமிதிகளுள் ஒன்று. எடாட்டும்மல் என்ற சிற்றூரில் இயங்குவது. நடிகர்கள் பகலில் தத்தம் வேலைக்குச் சென்று மாலையில் ஒத்திகைக்குக் கூடியவர்கள். மாதக்கணக்கில் நடந்த இவ்வொத்திகைகளில் ஊராரும் பலவகையில் பங்குகொண்டனர்.

இத்தகைய குழு பொதுவாக எளிய சமூக நாடகம் ஒன்றையே தேர்ந்தெடுக்கும். மாறாக, அறிவுலகம் ஏறத்தாழப் புனிதநூலாகவே போற்றிவந்த, பக்கத்துக்குப் பக்கம் வாசகர்கள் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய நூல் ஒன்றை இவர்கள் எடுத்தனர். மேலும் இரு ஊர்களும் கேரளத்தின் வேறுவேறு பகுதிகளில் உள்ளன. கசாக்கின் பனங்காடுகளும் பாலக்காட்டுக் கணவாயின் காற்றும் கேரளத்தின் நடுப்பகுதிக்குரியவை. திரிக்கரிப்பூர் வடகோடியில் கடலோரத்தை ஒட்டியது. பேச்சு வழக்கும் பெரிதும் வேறுபட்டது. தோற்றிருந்தால் அது சிறு தோல்வியாக இருந்திராது.

இயக்குநர்

தீபன் சிவராமன் திருச்சூரைச் சார்ந்து இயங்கும் அரங்க வடிவமைப்பாளரும் இயக்குநரும் ஆவார். ஆக்சிசன் நாடகக் குழுவை நிறுவியவர். இலண்டனில் அரங்க வடிவமைப்புப் பயின்று அங்குக் கற்பித்தவர். பின்னர் தில்லி அம்பேத்கர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். காப்ரியல் கார்சியா மார்க்கெசின் முன்கூறப்பட்ட சாவு பற்றிய குறும்புதினத்தைத் தழுவி இவர் அமைத்த ஸ்பைனல் கார்ட் (2009) என்ற நாடகமும், இப்சனின் பியர் ஜின்ட் நாடகமும் முன்பே கவனம் பெற்றிருந்தன. பொம்மைகள், திரைப்படிமங்கள், பொருள்கள் ஆகியவற்றை உரையாடலுக்கு நிகராகப் பயன்படுத்துவது இவருடைய பாணி. எழுதப்பட்ட நாடகப் பிரதியை நடிகர் ஒப்புவிப்பதே நாடகம் என்ற கருத்துக்கு மாறாக, காட்சியமைப்பிலிருந்தே நாடகம் பிறக்கிறது என்பது இவரது நிலைப்பாடு.

புதினத்திலிருந்து நாடகம்

இப்புதினத்தை நாடகமாக்குவதில் உள்ள முதன்மையான இடர், அதன் உயிர் உரையாடலில் இல்லை என்பதாகும். விஜயனின் நடை, இரவியின் மனத்துள் நிகழும் எண்ணவோட்டம், உயிர்களின் பிறவிச் சுழற்சி பற்றிய உருவகங்கள் ஆகியவையே அந்நூலைத் தூக்கி நிறுத்துவன. நேர்கோட்டில் செல்லும் கதையும் அதில் இல்லை. ஒருவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய பாட்டனின் காலத்துக்குச் சென்று திரும்பும் போக்கு உடையது. இவற்றை மேடையில் பேசவைத்தால் சொற்பொழிவாகிவிடும். விட்டுவிட்டால் வெறும் ஊர்க்கதை எஞ்சும்.

நாடகம் இவ்விரண்டையும் தவிர்த்து மூன்றாவது வழியொன்றைத் தேர்ந்தது. அது புதினத்தின் மையத்தை இரவியிடமிருந்து எடுத்து ஊர்மக்களிடம் வைத்தது. புதினத்தில் இரவியின் கண்வழியாகவும் நினைவுவழியாகவும் தெரிந்த மொல்லாக்கா, மைமூனா, நைஜாமலி, குட்டாடன், அப்புக்கிளி ஆகியோர் நாடகத்தில் தமக்கென்று உடலும் இடமும் பெற்றவர்களாக நிற்கின்றனர். இரவி அவர்களிடையே வந்துபோகும் ஒரு வெளியூர்க்காரனாகிறான்.

இம்மாற்றம் வெறும் உத்தி அன்று. புதினம் வெளிவந்த காலந்தொட்டே, படித்த இளைஞனின் இருத்தலியல் துயரை வாசகர்கள் கொண்டாடினர். இரவியைப்போல் பேசவும் வாழவும் முயன்ற ஒரு தலைமுறையே கேரளத்தில் இருந்தது. அவனுடைய துயரத்துக்குப் பின்புலமாக மட்டும் பார்க்கப்பட்ட ஏழை இராவுத்தர்களும் ஈழவரும் என்ன ஆயினர் என்ற வினா பின்னரே எழுந்தது. கிராமத்து உழைப்பாளிகளே நடிகர்களாக அமைந்த ஒரு குழு அந்த வினாவை மேடையில் எழுப்பியபோது அதற்குத் தனி வலிமை கிடைத்தது. கிணற்றில் மூழ்குபவனையும் பீடி சுற்றுபவனையும் நடித்தவர்கள் அவ்வாழ்க்கைக்கு அயலாரல்லர்.

இதனால் இழப்பும் உண்டு. இரவியின் அகவுலகம் சுருங்கியதால் அவன் ஏன் வந்தான், ஏன் போகிறான் என்பதன் கனம் குறைகிறது. நூலைப் படிக்காத பார்வையாளருக்கு அவனுடைய இறுதி முடிவு திடீரெனத் தோன்றக்கூடும். புதினத்தின் மொழியழகை எதிர்பார்த்து வருவோர்க்கும் ஏமாற்றம் நேரலாம். ஆயினும் நூலுக்கு விளக்கப்படம் வரைவதுபோல் அமைந்த தழுவல்கள் பல மறைந்துபோனதை நோக்க, இத்துணிவு இந்நாடகத்துக்குத் தேவையானதே ஆகும்.

அரங்க அமைப்பு

நாடகம் மேடையில் நிகழ்வதில்லை. திறந்த வெளியில் மண் பரப்பிய ஆட்டக்களம் அமைக்கப்பட்டு, அதனை ஒட்டிப் பார்வையாளர்கள் அமர்த்தப்படுகின்றனர். திரைச்சீலை இல்லை. தீ, புகை, மண், நீர், உணவின் மணம் ஆகியவை காட்சியின் பகுதிகளாகின்றன. பார்ப்பதும் கேட்பதும் மட்டுமன்றி முகர்வதும் நாடக அனுபவத்தில் சேர்கிறது. புதினத்தில் சொற்கள் செய்த வேலையை இங்குப் பொருள்கள் செய்கின்றன என்று கூறலாம்.

இறந்துபோன ஊர்மக்கள் தீப்பந்தங்களுடன் இருளிலிருந்து எழுந்து வருவதாக நாடகம் தொடங்குகிறது. கதை முழுவதும் நினைவு கூரப்படும் ஒன்று என்பதை இத்தொடக்கம் உணர்த்திவிடுகிறது. புதினம் கூமன்காவின் பேருந்து நிறுத்தத்தில் இரவியுடன் தொடங்குகிறது. நாடகமோ மாண்டோருடன் தொடங்குகிறது. இவ்வொரு மாற்றத்திலேயே தழுவலின் நோக்கம் முழுவதும் அடங்கியுள்ளது.

இவ்விடத்தில் திரிக்கரிப்பூர் அமைந்துள்ள வடமலபாரின் தெய்யம் என்னும் சடங்குக் கலையையும் ஒப்புநோக்கலாம். தெய்யம் கோயில் முற்றத்திலும் காவுகளிலும் தரைமீதே நிகழ்வது; இரவு முழுவதும் தீப்பந்த ஒளியில் நீள்வது. கொல்லப்பட்டோரும் அநீதிக்கு ஆளானோரும் தெய்வமாகித் திரும்பிவந்து ஊராருடன் பேசுவது அதன் அடிப்படை. இசுலாமியரைத் தெய்வமாகக் காட்டும் மாப்பிளைத் தெய்யங்களும் அப்பகுதியில் உள்ளன. ஆகவே இரு சமயத்தாரும் வணங்கும் ஷேக்கின் கதையோ, இறந்தோர் எழுந்து வருவதோ, மண்ணில் அமர்ந்து பல மணி நேரம் பார்ப்பதோ அவ்வூராருக்குப் புதியன அல்ல. நகரத்துப் பார்வையாளருக்குப் புதுமையாகத் தோன்றிய பல கூறுகள் அம்மக்களுக்குப் பழக்கமானவை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. எனினும் இந்நாடகம் தெய்யத்தின் ஒப்பனையையோ அடவுகளையோ கடன்வாங்கி அழகு காட்டும் வகையைச் சேர்ந்ததன்று.

இசை

இசையமைப்பாளர் சந்திரன் வேயாட்டுமல், 'பாரிஸ் சந்திரன்' என்ற பெயராலும் அறியப்பட்டவர். அரங்க இசையிலும் திரைப்பட இசையிலும் பணியாற்றியவர். 2022இல் காலமானார். புதினத்தில் காற்றின் ஓசை இடைவிடாது கேட்டுக்கொண்டேயிருக்கும். பனையோலைச் சலசலப்பும், மதரசாவிலிருந்து எழும் ஓதலும், பூசாரியின் வெறியாட்டும் கலந்த ஒலியுலகம் அது. அத்தகைய நூலைத் தழுவிய நாடகத்தில் இசையின் பங்கு சிறிதாக இருக்கவியலாது.

நிகழ்த்துகையும் வரவேற்பும்

சொந்த ஊரில் அரங்கேறிய பின்னர், கேரளத்தின் பல நகரங்களிலும் கேரளத்துக்கு வெளியிலும் நாடகம் நிகழ்த்தப்பட்டது. நாடகம் பார்க்கும் வழக்கம் அற்றுப்போனதாகக் கருதப்பட்ட இடங்களிலும் பெருங்கூட்டம் திரண்டது. விஜயனின் வாசகர்கள் முதலில் ஐயத்துடனேயே வந்தனர் என்பதில் வியப்பில்லை. வாசகர் ஒவ்வொருவரும் தம் மனத்துள் ஒரு கசாக்கைக் கட்டிவைத்திருக்கும் நூல் அது.

இத்தகைய நாடகத்தைத் தொடர்ந்து நடத்துவது எளிதன்று. சாதாரண அரங்குக்குள் இதனைப் போடமுடியாது. செல்லுமிடமெல்லாம் திடலைக் கண்டு, மண்ணிட்டு, இருக்கை கட்டி, ஒளியமைத்து, மழையில்லாத நாளைப் பார்த்தாகவேண்டும். ஒளியும் தீயும் பங்குபெறுவதால் இருட்டிய பின்னரே தொடங்க இயலும். இரண்டு டசனுக்கும் மேற்பட்ட நடிகர்களையும் பின்னணிப் பணியாளர்களையும் அழைத்துச் செல்லவேண்டும். அவர்களோ வேலைக்கு விடுப்பெடுத்தால் அன்றைய வருவாயை இழப்பவர்கள். தொழில்முறைக் குழு ஒரு பருவத்தில் நூற்றுக்கணக்கான முறை நடித்துச் செலவை ஈடுகட்டும். பயில்முறைக் குழுவுக்கு அவ்வழி இல்லை. ஆகையால் ஓர் ஊரில் நாடகம் நடைபெறவேண்டுமெனில், அவ்வூரிலும் வாசகசாலையோ கலைக்குழுவோ பொறுப்பேற்று நன்கொடை திரட்டும் அமைப்பு இருத்தல் இன்றியமையாதது. இந்நாடகம் பயணம் செய்த வழி, கேரளத்தில் அத்தகைய அமைப்புகள் எஞ்சியிருக்கும் வழியே ஆகும்.

தமிழில்

மூலப் புதினத்தை எழுத்தாளர் யூமா வாசுகி கசாக்கின் இதிகாசம் என்ற பெயரிலேயே தமிழில் மொழிபெயர்த்துள்ளார். காலச்சுவடு பதிப்பகம் வெளியிட்ட இந்நூலுக்கு 2017ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருது வழங்கப்பட்டது. நாடகத்தைக் காண வாய்ப்பில்லாத தமிழ் வாசகர், அதன் பாத்திரங்களை இம்மொழிபெயர்ப்பின் வழியாக அறியலாம். கதைக்களத்துக்கு அடிப்படையான தஸ்ராக், கோயம்புத்தூரிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் பாலக்காட்டுக்கு அருகில் உள்ளது. புதினத்தில் பள்ளிக்கூடமாக வரும் ஞாற்றுப்புரை அங்கு விஜயன் நினைவிடத்தின் பகுதியாகப் பேணப்படுகிறது.